நுவாபடா: செங்கல் அறுக்கும் மாவட்டத்தில் வீடு, வேலை, வாழ்க்கைத் தரம் - ஒரு விரிவான பார்வை

ஒடிசாவின் மேற்கு எல்லையில், சத்தீஸ்கரை ஒட்டி அமைந்துள்ள நுவாபடா மாவட்டத்தில் ஒவ்வோர் ஆண்டும் அறுவடைத் திருவிழா முடிந்த சில வாரங்களில் வீடுகள் பூட்டப்படத் தொடங்குகின்றன. கணவன், மனைவி, பிள்ளைகள் எனக் குடும்பம் குடும்பமாகத் தெலங்கானா, ஆந்திரப் பிரதேசம், தமிழ்நாடு உள்ளிட்ட மாநிலங்களின் செங்கல் சூளைகளுக்குப் புறப்படுகின்றனர். அடுத்த மழைக்காலம் நெருங்கும்போதுதான் ஊர் திரும்புகின்றனர்.

வீட்டு வசதி, வேலைவாய்ப்பு, உணவு, கல்வி, மருத்துவம் ஆகிய ஒவ்வொன்றுக்கும் இம்மாவட்டத்தில் தனித்தனி அரசுத் திட்டங்கள் உள்ளன. ஆயினும் இடம்பெயர்வு நிற்கவில்லை. ஏழைக் குடும்பத்துக்குப் பணம் தேவைப்படும் காலமும், திட்டங்களின் பலன் கைக்கு வந்து சேரும் காலமும் ஒன்றாக இல்லாததே இதற்கு முக்கியக் காரணமாக அமைகிறது. அதன் பின்னணியை இத்தொகுப்பு விளக்குகிறது.

மாவட்டத்தின் அமைப்பு

காலாஹண்டி மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு, 1993 ஏப்ரல் 1-ஆம் தேதி நுவாபடா தனி மாவட்டமானது. நுவாபடா, கோம்னா, கரியார், போடென், சினாபாலி என ஐந்து ஒன்றியங்களைக் கொண்டது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கு சுமார் 6.1 லட்சம் பேர் வசிக்கின்றனர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் பழங்குடியினர். பத்தில் ஒன்பது பேருக்கு மேல் கிராமங்களில் வாழ்கின்றனர். பெரிய தொழிற்சாலைகளோ நகரங்களோ இல்லாததால், வேளாண்மையும் காடுபடு பொருள்களுமே வாழ்வாதாரம்.

பிரிக்கப்படாத கோராபுட், பலாங்கிர், காலாஹண்டி ஆகிய மூன்று பழைய மாவட்டங்களின் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'கே.பி.கே.' என இப்பகுதி அழைக்கப்படுகிறது. இன்று அது எட்டு மாவட்டங்களாக உள்ளது. 1980-களில் இங்கு நிலவிய வறுமை நாடு முழுவதும் பேசப்பட்டது. பட்டினி குறித்த செய்திகள் வெளியானதைத் தொடர்ந்து, 1985-ஆம் ஆண்டு அப்போதைய பிரதமர் ராஜீவ் காந்தி காலாஹண்டிக்கு நேரில் வந்தார். பட்டினிச் சாவுகள் தொடர்பான பொதுநல வழக்கில் 1989-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் கே.பி.கே. பகுதிக்கெனச் சிறப்பு நீண்டகாலச் செயல்திட்டங்கள் தீட்டப்பட்டன.

2018 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' திட்டத்தின் 112 மாவட்டங்களில் நுவாபடாவும் ஒன்று. இத்திட்டத்தில் மாவட்டங்களின் முன்னேற்றம் 49 குறியீடுகளால் அளக்கப்படுகிறது. மொத்த மதிப்பில் நலவாழ்வு-ஊட்டச்சத்துக்கும் கல்விக்கும் தலா 30 சதவீதம், வேளாண்மை-நீர்வளத்துக்கு 20 சதவீதம், நிதிச் சேவை-திறன் மேம்பாட்டுக்கும் அடிப்படைக் கட்டமைப்புக்கும் தலா 10 சதவீதம் என ஐந்து தலைப்புகளாக அது பகுக்கப்பட்டுள்ளது. மாவட்டத்தின் அன்றாட வாழ்வைத் தீர்மானிக்கும் பருவகால இடம்பெயர்வு இவற்றில் தனித் தலைப்பாக இடம்பெறவில்லை.

மழை உண்டு, நீர் நிற்பதில்லை

நுவாபடாவின் சராசரி ஆண்டு மழையளவு 1,200 மில்லிமீட்டருக்கும் அதிகம். எனினும் இது வறட்சி மாவட்டமாகவே அறியப்படுகிறது. மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் பெய்து விடுகிறது. இடையில் இரண்டு, மூன்று வாரங்கள் மழை பொய்த்தால் மேட்டு நிலத்து நெல் கருகிவிடும். சரிவான நிலமும் குறைந்த மண் ஆழமும் நீரைத் தேக்கி வைக்க உதவுவதில்லை.

ஜோங்க் ஆற்றின் குறுக்கே பட்டோரா அணையும், கரியார் பகுதியில் கீழ் இந்த்ரா பாசனத் திட்டமும் உள்ளன. ஆனால் மாவட்டத்தின் பெரும்பகுதி நிலம் மழையை நம்பியே உள்ளது. மானாவாரியில் ஒரு போகம் நெல் விளைந்தால், அதன்பின் நிலத்தில் வேலை இல்லை. கோடையில் இலுப்பை இனத்தைச் சேர்ந்த மகுவா மரத்தின் பூக்களையும், பீடி சுற்றப் பயன்படும் கேந்து இலையையும் சேகரிப்பதில் சில வாரங்கள் வருமானம் கிடைக்கும். எஞ்சிய மாதங்களுக்கு வேறு வழி தேட வேண்டியுள்ளது.

முன்பு ஒன்றாக இருந்த காலாஹண்டியின் அனுபவம் இதைத் தெளிவாக உணர்த்துகிறது. மேல் இந்திராவதி அணையின் கால்வாய் நீர் எட்டிய பகுதிகளில் இரு போகம் நெல் விளைகிறது. ஒரு காலத்தில் பட்டினிக்குப் பெயர்போன காலாஹண்டி, இன்று ஒடிசாவின் முக்கிய நெல் விளைச்சல் மாவட்டங்களில் ஒன்றாகியுள்ளது. கால்வாய் எட்டாத பகுதிகளிலிருந்தோ மக்கள் இன்றும் வெளியேறுகின்றனர்.

நுவாகாய்க்குப் பின் தொடங்கும் பயணம்

புதிய நெல்லை இறைவனுக்குப் படைத்து, குடும்பத்துடன் உண்ணும் 'நுவாகாய்' மேற்கு ஒடிசாவின் மிகப் பெரிய திருவிழா. விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் இது கொண்டாடப்படுகிறது. வெளியூரில் இருப்பவர்கள் எப்பாடு பட்டேனும் வீடு திரும்பும் நாள் இது. குடும்பங்கள் ஊரில் ஒன்றாக இருக்கும் இக்காலத்தில்தான் சூளைகளுக்கு ஆள் பிடிக்கும் பணியும் சூடு பிடிக்கிறது.

'சர்தார்' என அழைக்கப்படும் உள்ளூர் முகவர்கள் வீடு தேடி வந்து முன்பணம் வழங்குகின்றனர். அவர்களுக்கு மேல் பெரிய ஒப்பந்ததாரர்களும், அவர்களுக்கு மேல் சூளை உரிமையாளர்களும் உள்ளனர். தொழிலாளர்கள் தனிநபர்களாக அன்றி, 'பத்துரியா' எனப்படும் குழுவாகவே கணக்கிடப்படுகின்றனர். கணவன், மனைவி, உதவிக்கு ஒரு சிறுவனோ சிறுமியோ சேர்ந்தது ஒரு பத்துரியா. முன்பணம் குழுவுக்கே தரப்படுகிறது.

பல்லாயிரம் ரூபாய் ஒரே தவணையில் கைக்கு வருவதுதான் இந்த ஏற்பாட்டின் ஈர்ப்பு. முந்தைய ஆண்டின் கடன், மருத்துவச் செலவு, மகளின் திருமணம், கூரை மாற்றும் செலவு ஆகியவற்றை அடைக்க இப்பணம் உதவுகிறது. அடமானம் வைக்க நிலமோ நகையோ இல்லாத குடும்பத்துக்கு இவ்வளவு தொகையை வேறு யாரும் கடனாகத் தருவதில்லை. அடமானமாக இருப்பது வரப்போகும் ஏழு மாத உழைப்பு மட்டுமே. முன்பணம் கொடுத்து வெளியூருக்கு அழைத்துச் செல்லும் இம்முறை இப்பகுதியில் 'தாதன்' எனப்படுகிறது.

அக்டோபர், நவம்பர் மாதங்களில் நுவாபடா, பலாங்கிர் மாவட்டங்களின் கிராமங்களிலிருந்து குடும்பங்கள் ரயில் நிலையங்களில் குவிகின்றன. பலாங்கிர் மாவட்டத்தின் கண்டாபாஞ்சி இப்போக்குவரத்தின் முக்கிய மையமாக அறியப்படுகிறது. பாத்திரம், அரிசி மூட்டை, போர்வை ஆகியவற்றுடன் புறப்படும் குடும்பங்களில் முதியவர்கள் மட்டும் ஊரிலேயே தங்கிவிடுகின்றனர்.

சூளையில் வேலையும் இருப்பிடமும்

செங்கல் அறுப்பில் கூலி நாள் கணக்கில் வழங்கப்படுவதில்லை. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்ற கணக்கில் வழங்கப்படுகிறது. மண்ணைக் குழைப்பது, அச்சில் இட்டு அறுப்பது, பச்சைக் கல்லைப் புரட்டி உலர்த்துவது, அடுக்குவது எனக் குடும்பத்தின் அனைத்துக் கைகளும் வேலையில் ஈடுபடுகின்றன. வெயிலைத் தவிர்க்க நள்ளிரவிலோ அதிகாலையிலோ வேலை தொடங்குவது வழக்கம். எடை குறைந்த சிறுவர்கள் ஈரக் கற்களின் வரிசைகள் மீது நடந்து புரட்டிவிட முடியும் என்பதால் அவர்களும் உழைப்பாளிகளாகின்றனர்.

வாரந்தோறும் உணவுச் செலவுக்கு மட்டும் ஒரு தொகை தரப்படுகிறது. அறுத்த கல்லின் கூலியிலிருந்து முன்பணமும் வாரச் செலவும் பருவ இறுதியில் கழிக்கப்படுகின்றன. மழையில் கரைந்த கல்லுக்கும், உடல்நலம் குன்றிய நாளுக்கும் கூலி இல்லை. கணக்கு நேராகாவிட்டால் எஞ்சிய கடன் அடுத்த ஆண்டுக்கு நகர்கிறது.

தங்குமிடம் பெரும்பாலும் சூளையின் ஓரத்தில் சுடாத கற்களை அடுக்கி, தகரமோ நெகிழித் தாளோ போர்த்திய தாழ்வான குடிசை. குனிந்தே நுழைய வேண்டிய இக்குடிசைகளில் கதவு, கழிப்பறை, குடிநீர்க் குழாய் ஆகியவை அரிது.

தமிழ்நாட்டிலும் திருவள்ளூர் உள்ளிட்ட மாவட்டங்களின் சூளைகளில் ஒடிசா தொழிலாளர்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். கொத்தடிமை நிலையில் வைக்கப்பட்டிருந்த ஒடிசா குடும்பங்கள் இம்மாவட்டச் சூளைகளிலிருந்து பலமுறை மீட்கப்பட்டுள்ளன. சென்னையின் புறநகர் அடுக்குமாடிக் கட்டடங்களுக்கும் மேற்கு ஒடிசாவின் பூட்டிய வீடுகளுக்கும் இடையே இந்தத் தொடர்பு உள்ளது.

வேலை உறுதித் திட்டம் ஏன் போதவில்லை?

மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டம் 2006 பிப்ரவரி 2-ஆம் தேதி நாட்டின் 200 பின்தங்கிய மாவட்டங்களில் தொடங்கப்பட்டபோது, அந்த முதற்கட்டப் பட்டியலிலேயே நுவாபடா இடம்பெற்றது. ஊரக மக்கள் பிழைப்புக்காக ஊரை விட்டு வெளியேறும் கட்டாயத்தைக் குறைப்பது இதன் நோக்கங்களில் ஒன்று. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 100 நாள் வேலை சட்டப்பூர்வ உரிமையாக்கப்பட்டது.

இத்திட்டத்தின்கீழ் 2025-26-ஆம் ஆண்டுக்கு ஒடிசாவுக்கு நிர்ணயிக்கப்பட்ட நாள் கூலி ரூ.273. அதே ஆண்டில் தமிழ்நாட்டுக்கான கூலி ரூ.336. கூலி குறைவு என்பது ஒரு சிக்கல். அதைவிடப் பெரிய சிக்கல், பணம் வரும் முறையிலும் காலத்திலும் உள்ளது.

முதலாவதாக, சர்தார் தருவது வேலைக்கு முன்பே வரும் மொத்தப் பணம். அரசுத் திட்டம் தருவது வேலைக்குப் பின் வங்கிக் கணக்கில் சேரும் சிறு தொகைகள். 15 நாளுக்குள் கூலி வழங்க வேண்டும் என்று சட்டம் கூறினாலும், தாமதம் குறித்த புகார்கள் பல மாநிலங்களிலும் நீடித்து வந்துள்ளன. நுவாகாய்க்குப் பின் உடனடியாகக் கடனை அடைக்க வேண்டிய குடும்பத்துக்கு, பின்னர் வரப்போகும் கூலி மாற்றாக அமைவதில்லை.

இரண்டாவதாக, குளம் வெட்டுதல், சாலை அமைத்தல் போன்ற மண் வேலைகள் மழை ஓய்ந்து, அறுவடை முடிந்த பின்னரே, குறிப்பாகக் கோடையில், அதிகம் நடைபெறுகின்றன. அதற்குள் வேலை தேவைப்பட்ட குடும்பங்கள் ஊரை விட்டுச் சென்றிருக்கும்.

இதை உணர்ந்த ஒடிசா அரசு, 2020-ஆம் ஆண்டில் நுவாபடா, பலாங்கிர், காலாஹண்டி, பர்கர் ஆகிய நான்கு மாவட்டங்களில் இடம்பெயர்வு மிகுந்த 20 ஒன்றியங்களைத் தேர்ந்தெடுத்து, 100 நாளுக்கு மேல் கூடுதல் நாள்கள் வேலையும் கூடுதல் கூலியும் மாநில நிதியிலிருந்து வழங்க முடிவு செய்தது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய 'வளர்ச்சியடைந்த பாரதம் - வேலைவாய்ப்பு மற்றும் வாழ்வாதார உறுதி இயக்கம் (ஊரகம்)' சட்டம், 2005-ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டத்துக்கு மாற்றாகக் கொண்டுவரப்பட்டது. இதில் வேலை நாள்கள் 125 ஆக உயர்த்தப்பட்டுள்ளன. பெரும்பாலான மாநிலங்களில் செலவை மத்திய, மாநில அரசுகள் 60:40 என்ற விகிதத்தில் ஏற்க வேண்டும். விதைப்பு, அறுவடை உச்சக் காலங்களில் மொத்தம் 60 நாள்கள் வரை பணிகளை நிறுத்தி வைக்கவும் சட்டம் வழிவகுக்கிறது.

நுவாபடா போன்ற மாவட்டங்களில் அந்த 60 நாள்கள் எவை என்பது முக்கியமான கேள்வி. நெல் அறுவடையும் சூளைப் பயணமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வருகின்றன. நிலமுள்ளவர்களுக்கு அது அறுவடைக் காலம். நிலமற்ற குடும்பங்களுக்கோ, ஊரில் தங்குவதா, சர்தாரின் பணத்தை ஏற்பதா என முடிவெடுக்கும் காலம்.

வீடு: ஒப்புதல் முதல் கூரை வரை

1985-இல் தொடங்கப்பட்ட இந்திரா ஆவாஸ் திட்டத்துக்கு மாற்றாக, 2016 நவம்பரில் பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம் தொடங்கப்பட்டது. 2024 மார்ச்சுக்குள் 2.95 கோடி வீடுகள் என்பது இதன் முதல் இலக்கு. பின்னர் 2024 முதல் 2029 வரை மேலும் 2 கோடி வீடுகளுக்குத் திட்டம் நீட்டிக்கப்பட்டது. ஒடிசா அரசு 'பிஜு பக்கா கர்' என்ற பெயரில் தனியாகவும் வீடு கட்ட உதவி வழங்கி வந்துள்ளது.

மத்தியத் திட்டத்தின்படி, சமவெளியில் ரூ.1.20 லட்சமும், மலை மற்றும் கடினமான பகுதிகளில் ரூ.1.30 லட்சமும் மானியமாக வழங்கப்படுகிறது. வீட்டின் குறைந்தபட்சப் பரப்பு, சமையலிடம் உட்பட 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 270 சதுர அடி. வேலை உறுதித் திட்டத்தின் மூலம் சமவெளியில் 90 நாள்களுக்கும், கடினமான பகுதிகளில் 95 நாள்களுக்கும் கூலி தரப்படுகிறது. கழிப்பறைக்குத் தனியாக ரூ.12,000 உண்டு.

சமவெளி விகிதத்தையும் ஒடிசாவின் ரூ.273 கூலியையும் வைத்துப் பார்த்தால், 90 நாள் கூலி ரூ.24,570. மூன்றையும் கூட்டினால் ரூ.1,56,570. வீட்டுக்கான ரூ.1.20 லட்சம் என்ற தொகை திட்டம் தொடங்கிய 2016 முதல் மாறவில்லை. இத்தொகையை ரூ.4 லட்சமாக உயர்த்துமாறு ஊரக வளர்ச்சிக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2025-இல் பரிந்துரைத்தது.

மானியம் ஒரே தவணையில் வழங்கப்படுவதில்லை. அடித்தளம், சுவர், கூரை என ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும், இடக்குறியீட்டுடன் கூடிய புகைப்படம் பதிவேற்றப்பட வேண்டும்; அதன்பின் அடுத்த தவணை வரும். ஒப்புதல் கிடைத்த 12 மாதங்களுக்குள் வீட்டை முடிக்க வேண்டும். முறைகேட்டைத் தடுக்க இந்த ஏற்பாடு அவசியம். ஆனால் ஆண்டில் ஆறு, ஏழு மாதங்கள் வேறு மாநிலத்தில் இருக்கும் குடும்பத்துக்கு, வீடு கட்ட உகந்த மழையற்ற மாதங்கள் அனைத்தும் சூளையிலேயே கழிகின்றன. ஊர் திரும்பும்போது மழை தொடங்கியிருக்கும்.

தவணைக்கும் செலவுக்கும் இடையிலான பற்றாக்குறையும் இதே வட்டத்துக்குள் இட்டுச் செல்கிறது. சுவர் எழும்பிய நிலையில் பணம் தீர்ந்துவிட்டால், கூரைக்கான பணத்தைப் புரட்ட எளிய வழி சர்தாரிடம் முன்பணம் பெறுவது. முன்பணம் பெற்றால் குடும்பம் புறப்பட வேண்டும். புறப்பட்டால் வீட்டு வேலை நிற்கும்.

ஒரு பத்துரியா குழு நாளொன்றுக்கு ஆயிரம் கல் அளவில் அறுக்கிறது. 25 சதுர மீட்டர் வீட்டுக்குத் தேவையான செங்கல்லை அத்தகைய குழுவால் ஓரிரு வாரங்களில் அறுத்துவிட முடியும். ஆயினும் அவர்கள் ஒரு பருவத்தில் அறுக்கும் லட்சத்துக்கும் மேற்பட்ட கற்கள் பிறருடைய கட்டடங்களுக்கே செல்கின்றன.

சுனாபேடா மேட்டுநிலத்தின் சமையல் குடில்

எல்லா வீடுகளுக்கும் ஒரே அளவுகோல் பொருந்துவதில்லை என்பதற்கும் இம்மாவட்டத்தில் சான்று உண்டு. சுனாபேடா வனவிலங்கு சரணாலயம் அமைந்துள்ள மேட்டுநிலத்தில் சுக்தியா புஞ்சியா பழங்குடியினர் வாழ்கின்றனர். மிகவும் நலிவுற்ற பழங்குடிக் குழுக்களில் ஒன்றாக இவர்கள் வகைப்படுத்தப்பட்டுள்ளனர்.

இவர்களது குடியிருப்பில் சமையல் குடில் தனியாக அமைகிறது. செம்மண் பூசப்படும் இக்குடிலை 'லால் பங்களா' என்கின்றனர். அது அவர்களுக்குப் புனிதமான இடம். குலத்துக்கு வெளியே உள்ளவர்கள் அதைத் தொடக்கூடாது என்பது அவர்களின் மரபு. சமையலிடத்தையும் ஒரே கூரையின்கீழ் சேர்த்துக் கட்டும் பொது வரைபடம், இவர்களைப் பொறுத்தவரை வாழ்க்கை முறையோடு மோதுகிறது.

நலிவுற்ற பழங்குடிக் குழுக்களுக்காக 2023 நவம்பரில் தொடங்கப்பட்ட 'பிரதமர் ஜன்மன்' திட்டத்தில் வீட்டுக்கான உதவி ரூ.2 லட்சம். சாலை, குடிநீர், மின்சாரம், நடமாடும் மருத்துவக் குழு ஆகியவையும் இத்திட்டத்தில் அடங்கும். மேட்டுநிலத்தின் சிதறிய குடியிருப்புகளுக்கு வீட்டைவிடச் சாலையும் மருத்துவமும் அவசரத் தேவைகளாக உள்ளன.

உணவு, கல்வி, உடல்நலம்

பட்டினியைப் பொறுத்தவரை நிலைமை பெரிதும் மாறியுள்ளது. கே.பி.கே. பகுதியில் பொது விநியோகம் அனைவருக்கும் விரிவாக்கப்பட்டது. 2008-இல் கிலோ ரூ.2-க்கும், 2013-இல் ரூ.1-க்கும் அரிசி வழங்கப்பட்டது. தற்போது தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முன்னுரிமைக் குடும்பங்களில் நபருக்கு மாதம் 5 கிலோ தானியம் இலவசமாகக் கிடைக்கிறது. இன்றைய இடம்பெயர்வு சோற்றுக்காக மட்டும் நிகழ்வதன்று. கடனுக்காகவும் ரொக்கப் பணத்துக்காகவும் நிகழ்கிறது.

'ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை' திட்டத்தால், சூளை உள்ள மாநிலத்திலும் தானியம் பெற முடியும். அதே அட்டையில் குடும்பத்தின் ஒரு பகுதியினர் ஊரிலும் மற்றொரு பகுதியினர் வெளிமாநிலத்திலும் தங்கள் பங்கைப் பெறவும் இயலும். ஆனால் நியாய விலைக் கடைக்குத் தொலைவில் உள்ள சூளைகளில், வேலை நேரத்தில் வெளியே செல்ல அனுமதி கிடைத்தால்தான் இந்த உரிமை பயன்படும்.

கல்வியில் இழப்பு ஆண்டுதோறும் தொடர்கிறது. பள்ளி ஆண்டின் நடுவில் புறப்படும் சிறுவர்கள் தேர்வுக் காலம் கடந்தே திரும்புகின்றனர். இதைத் தடுக்க, பெற்றோர் வெளியூரில் இருக்கும் மாதங்களில் பிள்ளைகள் ஊரிலேயே தங்கிப் படிக்க ஒடிசாவில் பருவகால விடுதிகள் நடத்தப்படுகின்றன. பெற்றோருடன் செல்லும் குழந்தைகளுக்காக, தமிழ்நாட்டிலும் தெலுங்கு மாநிலங்களிலும் சூளைகளுக்கு அருகே ஒடியா மொழிப் பாடநூல்களுடன் சிறப்பு மையங்கள் நடத்தப்பட்டுள்ளன.

உடல்நலத்தில் இம்மாவட்டத்துக்குத் தனிச் சிக்கல்கள் உள்ளன. போடென் ஒன்றியம் உள்ளிட்ட பகுதிகளின் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்துள்ளதால், பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்டோர் பலர். மேற்கு ஒடிசாவில் அரிவாள் செல் ரத்தசோகையும் பரவலாகக் காணப்படுகிறது. இந்நோயை ஒழிப்பதற்கான தேசிய இயக்கம் 2023 ஜூலையில் தொடங்கப்பட்டது. நீர்ச்சத்துக் குறைவும் கடும் உடல் உழைப்பும் இந்நோயாளிகளுக்கு ஆபத்தானவை. சூளைப் பணியில் இரண்டையும் தவிர்க்க இயலாது.

2025 ஏப்ரலில் ஒடிசாவில் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இதன்மூலம் பிற மாநிலங்களில் இத்திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளிலும் சிகிச்சை பெற வழி ஏற்பட்டுள்ளது.

சட்டப் பாதுகாப்பு

தாதன் முறையைக் கட்டுப்படுத்த ஒடிசா 1975-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றியது. 1979-ஆம் ஆண்டின் மாநிலங்களுக்கு இடையேயான புலம்பெயர் தொழிலாளர் சட்டத்துக்கு இது முன்னோடியாக அமைந்தது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வெளிமாநிலத் தொழிலாளர்களை அமர்த்தும் நிறுவனங்களுக்கு 1979 சட்டம் பொருந்தியது. 2025 நவம்பர் 21-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பில் இது இணைக்கப்பட்டது. புதிய தொகுப்பில் அந்த எண்ணிக்கை பத்தாக உள்ளது. ஒப்பந்ததாரர் வழியாக அன்றித் தாமாக வேலை தேடி வருபவர்களும் இதன் வரையறைக்குள் வருகின்றனர்.

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், முன்பணத்துக்கு ஈடாக ஒருவரது உழைப்பையும் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்துவதைக் குற்றமாக்குகிறது. குறைந்தபட்சக் கூலியை விடக் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது, அரசமைப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2016-ஆம் ஆண்டின் மத்திய மறுவாழ்வுத் திட்டத்தின்கீழ், மீட்கப்பட்ட ஆண்களுக்கு ரூ.1 லட்சமும், பெண்கள் மற்றும் சிறார்களுக்கு ரூ.2 லட்சமும், கொடுமையான சுரண்டலுக்கு உள்ளானவர்களுக்கு ரூ.3 லட்சமும் வழங்கப்பட வேண்டும். உடனடி உதவித்தொகை ரூ.20,000-இலிருந்து பின்னர் ரூ.30,000 ஆக உயர்த்தப்பட்டது. எனினும் முழுத் தொகை, வழக்கில் குற்றம் நிரூபிக்கப்படுவதோடு இணைக்கப்பட்டுள்ளது. வழக்கு நீளும் ஆண்டுகளில், மீட்கப்பட்ட குடும்பம் மீண்டும் கடன் வாங்கும் நிலைக்குத் தள்ளப்படுகிறது.

இம்முறையின் கொடூரத்தை 2013 டிசம்பரில் நிகழ்ந்த ஒரு சம்பவம் நாட்டுக்கு உணர்த்தியது. முன்பணம் தொடர்பான தகராறில், காலாஹண்டியைச் சேர்ந்த இரு தொழிலாளர்களின் வலது கைகளை ஆள் பிடிக்கும் ஒப்பந்ததாரர் கும்பல் வெட்டியது. உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து இவ்விவகாரத்தை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

காலத்தோடு இணையும் திட்டங்கள்

அண்மைக் காலத்தில் ஒடிசா அரசு தொடங்கிய இரு திட்டங்கள் இந்தப் பின்னணியில் கவனத்துக்குரியவை. 2024 செப்டம்பரில் நுவாகாய் நாளன்று தொடங்கப்பட்ட 'சி.எம். கிசான்' திட்டத்தில், சிறு, குறு விவசாயிகளுக்கு ஆண்டுக்கு ரூ.4,000 இரு தவணைகளாக வழங்கப்படுகிறது. ஒரு தவணை அட்சய திருதியையையும் மற்றொன்று நுவாகாயையும் ஒட்டி வருகிறது. அதே மாதம் தொடங்கிய 'சுபத்ரா' திட்டத்தில், 21 முதல் 60 வயது வரையிலான தகுதியுள்ள பெண்களுக்கு ஆண்டுக்கு ரூ.10,000 வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு வழங்கப்படுகிறது. இதன் ஒரு தவணை ரட்சா பந்தனையொட்டி, அதாவது நுவாகாய்க்குச் சில வாரங்கள் முன்னதாக வருகிறது.

சர்தார் வீடு தேடி வரும் காலத்துக்கு முன்பே குடும்பத்தின் கையில் சிறிதளவேனும் பணம் சேர்வது இதன் பயன். ஆனால் பல்லாயிரம் ரூபாய் முன்பணத்துக்கு இது ஈடாகாது. வட்டி குறைந்த கடனை மகளிர் சுய உதவிக் குழுக்கள் வழியாக ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் வழங்குவதும், அக்டோபரிலேயே ஊரக வேலைகளைத் தொடங்கிக் கூலியை வாரந்தோறும் தருவதும், வீட்டுக்கான முதல் தவணையை மழை ஓய்ந்தவுடன் கிடைக்கச் செய்வதும் ஒருங்கே நிகழ்ந்தால், ஊரில் தங்குவதா, புறப்படுவதா என்ற தேர்வு குடும்பத்தின் கையில் இருக்கும்.

நீண்ட காலத்தில் பாசனமே விடை என்பதைக் காலாஹண்டியின் கால்வாய்ப் பகுதிகள் காட்டியுள்ளன. அதுவரை வீட்டையும் வேலையையும் கடனையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்க வேண்டியுள்ளது. கட்டி முடிக்கப்பட்ட வீடுகளின் எண்ணிக்கை மட்டுமே நுவாபடாவின் வாழ்க்கைத் தரத்தை அளக்கப் போதுமானதன்று. அவற்றில் எத்தனை வீடுகளில் ஜனவரி மாதத்திலும் அடுப்பு எரிகிறது, எத்தனை வீடுகளிலிருந்து பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கின்றனர் என்பதும் சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும்.